கதிரைத் தூரம்

என் மகள் ஆர்த்திகா பெரிய பிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டில் தாய்மாமனாக யார் நிற்பது என்று எங்கள் வீட்டில் சண்டை நடந்த அதே குளிர்காலத்தில்தான், நான் மொன்ட்ரியாலுக்கு ஆற்றின் அக்கரையிலுள்ள லொங்குய்யில் கதிரைகளுக்கு நடுவிலுள்ள தூரத்தை அளக்கும் வேலைக்குப் போய் வந்தேன். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்றுதான் நினைத்திருந்தேன்.

வேலை எடுத்துத் தந்தவள் ரக்ஷனா. மொன்ட்ரியாலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண். பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி செய்கிறாள். ஸ்பானிஷ் பேசும் ஆட்கள் ஏழைகளைப் பற்றி உள்ளுக்குள் என்ன நினைக்கிறார்கள் என்று அளப்பதுதான் ஆராய்ச்சியாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அதுக்கு ஏன் பிள்ளை ஸ்பானிஷ்காரரைத் தேடிப் போறாய்? எங்கடை கோயில் வாசலிலை கிழிஞ்ச ஜக்கெற்றோடை ஒருத்தரை நிப்பாட்டினால் காணுமே."

"முதல்ல இதை முடிச்சுக்கிறேன் ஆன்ட்டி. உங்க ஆளுங்களை அப்புறம் பார்க்கலாம்" என்றாள்.

முதலில் அவள் கேள்வித்தாள்தான் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். ஏழைகள் சோம்பேறிகளா? இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஓர் ஏழைக் குடும்பம் வந்தால் மனம் சுணங்குமா? ஐயோ, இல்லவே இல்லை. காகிதத்தில் எல்லாரும் தங்கக் கட்டிகள். அதனால் கதிரைக்கு வந்தாள். நாற்காலி என்பாள் அவள்.

ஒரு சிறிய அறை. சுவரில் சாத்தி வைத்த இரண்டு மடக்குக் கதிரைகள். வருகிறவரிடம் ரக்ஷனா ஸ்பானிஷில் சொல்லுவாள்: இப்போது ஒருவர் உங்களோடு கதைக்க வரப்போகிறார், அதற்குள் கதிரைகளைப் போட்டு வையுங்கள். சிலரிடம், வருகிறவர் அரசாங்கப் பணத்தில் சீவிக்கும் ஏழை என்பாள். சிலரிடம், வங்கி மனேஜர் என்பாள். உண்மையில் ஒருவரும் வரமாட்டார்கள். கதிரைகளைப் போட்டு முடித்ததும் ஆளைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், கோப்பி கொடுத்து, உண்மையைச் சொல்லிவிடுவாள். அப்போது நான் அளவு நாடாவோடு உள்ளே போய், இந்தக் கதிரைக் காலிலிருந்து அந்தக் கதிரைக் கால் வரை அளந்து எழுதிவிட்டு, கதிரைகளைத் திரும்ப மடக்கிச் சாத்த வேண்டும். யாருக்கு எதைச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கை தன்னை அறியாமல் நாடாவை இழுக்குமாம். ஆகவே ஸ்பானிஷ் தெரியாததுதான் என் தகுதி. ஒன்று தெரியாததற்காக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

மஞ்சள் மெட்ரோ ஆற்றுக்கு அடியால் போகும்போது காது மெல்ல அடைக்கும். தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீரும், தண்ணீருக்கு மேலே பனிக்கட்டியும், அதற்கு மேலே நரைத்த வானமும் கிடக்கின்றன என்று நினைத்ததும் கண் சொருகிவிடும். லொங்குய்யில் இறங்கும்போது முழுக்க விழித்திருக்கமாட்டேன். அந்த அறையும் விழிக்க விடாது. சூடு வருகிற குழாய் முனகிக்கொண்டே இருக்கும். யன்னலுக்கு வெளியே பனி அவசரமில்லாமல் இறங்கும். சுவருக்கு அப்பால் ஸ்பானிஷ், ஓட்டில் விழும் மழை மாதிரி, அர்த்தம் இல்லாமல் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதற்கு நடுவே அந்த இரண்டு கதிரைகள். ஒன்றை ஒன்று பார்த்தபடி, இப்போதுதான் யாரோ எழும்பிப் போனது போல. சில நாள் அவை முழங்கால் இடிக்கும் அளவுக்குக் கிட்ட இருக்கும். சில நாள் ஒன்று கதவடியிலும் மற்றது யன்னலடியிலும். கொஞ்ச நாளில் கதிரைகளுக்கு முகம் வந்துவிட்டது. இது கோபம், இது பயம், இது ஒப்புக்குச் சிரிப்பது என்று பார்த்தவுடன் சொல்லுவேன். தள்ளிக் கிடக்கும் கதிரையைக் கண்டால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஏழை என்றதும் இவ்வளவு தூரமோ என்று வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் அளப்பேன்.

அந்தக் கோபத்துக்கு வீட்டில் காரணம் இருந்தது.

ஆனந்தராசா என் உடன்பிறந்த அண்ணன். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாக மொன்ட்ரியாலுக்கு வந்தவர். உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு அதே உணவகங்களில் சமைத்து, என்னையும் அம்மாவையும் ஊரிலிருந்து இங்கே கூப்பிட்டவர். பிறகு முழங்கால் போனது. அதோடு வேலை போனது. மனைவியும் பிரிந்து போனார். இப்போது நகரத்தின் வடக்கே மொன்ட்ரியால்-நோரில் ஓர் அறையில் இருக்கிறார். விடியக் காலையில் பையோடு வெளிக்கிட்டு, வீதியோரப் பெட்டிகளில் கிடக்கும் வெறும் பியர் ரின்களைப் பொறுக்கி, கடையில் திருப்பிக் கொடுத்துச் சில்லறை வாங்குகிறார். அவர் குடிகாரர் என்று சனம் கதைக்கிறது. குடிப்பவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் எறிவதைப் பொறுக்குகிறவர்தான் என் அண்ணன்.

சாமத்திய வீட்டில் தாய்மாமன்தான் தேங்காய் உடைத்து, பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டி வர வேண்டும். ஆர்த்திகாவுக்குத் தாய்மாமன் அவர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனால் என் கணவர் இரவிச்சந்திரன் யோசித்தார்.

"அண்ணையை வரவேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வரட்டும், வடிவாச் சாப்பிடட்டும். மேடைக்கு மட்டும் குணத்தை விடுவம். குணமும் உம்மடை பெரியம்மான்ரை மகன்தானே. முறைக்கு அவரும் தாய்மாமன்தான்."

முறைதான், மறுக்க முடியாது. எங்கள் ஆட்களுக்கு வேண்டாத ஒருவரைத் தள்ளி வைக்க வேண்டுமென்றால், அதற்கும் முறையில் ஓர் இடம் இருக்கும். குணரத்தினம் வீடு விற்கும் தரகர். அவருடைய சிரித்த முகம் பஸ் நிறுத்தங்களில் உள்ள வாங்குகளின் முதுகில் ஒட்டியிருக்கும். சனம் அந்த முகத்தின்மேல் சாய்ந்துகொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கும்.

"நாளைக்கு வீடியோ லண்டனுக்குப் போகும், சுவிஸுக்குப் போகும். பார்க்கிற சனம் என்ன சொல்லும்?" என்றார் என் கணவர்.

"என்ரை அண்ணை எண்டு சொல்லும்."

"நான் ஆர்த்திக்காகச் சொல்லுறன்."

"ஆர்த்தியைக் கேட்டனீங்களோ?"

கேட்டோம். ஆர்த்திகா போனிலிருந்து கண்ணை எடுக்காமல், மேடையில் மெஷின் புகை வருமா என்று மட்டும் கேட்டாள். வரும் என்றதும், அப்படியென்றால் யார் வந்தாலும் தனக்குச் சரி என்றாள்.

அந்த நாட்களில் கதிரைகள் என் நித்திரைக்குள்ளும் வரத் தொடங்கின. ஆறு முழுக்க உறைந்து கிடக்கிறது. லொங்குய்க் கரையிலிருந்து மடக்குக் கதிரைகள் வரிசையாக இறங்கி, பனிக்கட்டியின்மேல் சத்தமில்லாமல் நடந்து, நகரத்தை நோக்கிப் போகின்றன. எல்லாக் கதிரையும் வெறுமை. ஒன்றில் மட்டும் அண்ணை இருக்கிறார், மடியில் பை. நான் அளவு நாடாவின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறேன். மற்ற நுனி அவருடைய கதிரைக் காலில் கட்டியிருக்கிறது. நாடா நீண்டுகொண்டே போகிறது. அவர் திரும்பிப் பார்த்து, "குளிருக்கை நிக்காதை பிள்ளை" என்கிறார். எழும்பிப் பார்த்தால் யன்னல் கண்ணாடியில் பனி பூத்திருக்கும்.

ஒருநாள் ஒரு பெண் வந்தாள். நொஹேமி என்று பெயர். கட்டையான, களைத்த பெண். என்னைக் கண்டு தலையை ஆட்டிவிட்டு அறைக்குள் போனாள். அவள் வெளியேறிய பிறகு நான் உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு கதிரை இந்தச் சுவரோடு ஒட்டியிருந்தது, மற்றது எதிர்ச் சுவரோடு. அதற்குமேல் தள்ளுவதென்றால் சுவரை உடைத்துத்தான் தள்ள வேண்டும். அந்தக் குளிர்காலத்தில் நான் எழுதிய எல்லா எண்களிலும் பெரியது அவளுடையதுதான். போகும்போது அவள் எனக்கு "கிராசியாஸ்" என்று நன்றி சொன்னாள். நான் கதிரையை மடக்குவது போலக் குனிந்துகொண்டேன். மனம் இல்லாதவள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வீட்டில் கடைசியில் நான்தான் வென்றேன். எப்படியென்றால், சமையலை நிறுத்தினேன். கணவர் இறங்கி வந்தார். "சரி, உம்மடை விருப்பம். பேந்து என்னைக் குறை சொல்லாதையும்" என்றார். குணம் அண்ணைக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் புது வேட்டியும் சால்வையும் வாங்கி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

நான் மொன்ட்ரியால்-நோருக்குப் போய் அண்ணைக்கு முறைப்படி சொன்னேன். அறை துப்புரவாக இருந்தது. இருந்த ஒரேயொரு கதிரையைத் துடைத்து என்னை இருத்திவிட்டு, அவர் கட்டில் நுனியில் இருந்தார்.

"நீங்கள்தான் ஆர்த்தியைக் கூட்டிக்கொண்டு வரவேணும் அண்ணை."

வெகுநேரம் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓம் பிள்ளை, வாறன்" என்றார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

சாமத்திய வீட்டுக்கு முதல் வாரம் ரக்ஷனாவின் அளவெடுப்பு முடிந்தது. இனி எனக்குத் தெரிந்தால் பாதகமில்லை என்று, எங்கள் குசினி மேசையில் கணினியை விரித்து வைத்துக்கொண்டு, யாருக்கு எதைச் சொன்னாள் என்று காட்டினாள். ஏழை வருகிறார் என்று கேட்டவர்கள் பெரும்பாலும் கதிரையைத் தள்ளித்தான் போட்டிருந்தார்கள். நான் நினைத்தது சரிதான் என்று மகிழ்ந்துகொண்டிருந்தபோது, நொஹேமி என்ற பெயரில் அவள் விரல் நின்றது.

"இவங்களாலதான் ஆன்ட்டி எனக்குத் தூக்கமே போச்சு."

"ஏழை வாறார் எண்டு சொன்னனியோ?"

"இல்ல ஆன்ட்டி. பேங்க் மேனேஜர் வர்றார்னுதான் சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை. மனேஜர் என்றால் கிட்டப் போட்டிருக்க வேண்டுமே.

"நானும் அதான் கேட்டேன். அவங்க ஆபீஸ் கட்டடத்துல கிளீனிங் வேலை பார்க்கிறாங்க. வேலை முடிச்சு நேரா இங்க வந்திருக்காங்க. கையில பிளீச் வாசம் போகலையாம். மேனேஜருக்குச் சங்கடமா இருக்கும்னு தள்ளிப் போட்டாங்களாம்." அவள் கணினியை மெல்ல மூடினாள். "ஒருத்தர் வெறுத்துத் தள்ளினாலும் அதே நம்பர்தான், ஒருத்தர் கூசித் தள்ளினாலும் அதே நம்பர்தான். டேப்புக்கு ரெண்டும் ஒண்ணு. இதை நான் எங்க எழுதறது?"

அந்தப் பெண் நன்றி சொன்னபோது நான் குனிந்துகொண்டது நினைவில் வந்தது. தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

சாமத்திய வீடு ஏப்ரலில் வந்தது. பிள்ளை பெரிய பிள்ளையானது போன கோடையில். மண்டபம் கிடைத்தது இப்போதுதான். எங்கள் ஆட்களுக்கு இயற்கைகூட மண்டபம் கிடைக்கும் நாள் வரைக்கும் பொறுத்திருக்க வேண்டும். காலையிலேயே போய், மேடைக்குக் கீழே முதல் வரிசையில் என் கதிரையையும் அதோடு ஒட்டி அண்ணையின் கதிரையையும் நானே போட்டேன்.

பிறகு சனம் வந்தது. சீலைகளும் நகைகளும் வாசனைத் திரவியங்களும் சாம்பிராணியும் ஒன்றாகி, மண்டபமே ஒரு நித்திரையின் உட்புறம் போல இருந்தது. புகை மெஷின் வாசலிலிருந்து மேடை வரைக்கும் வெள்ளைப் புகையை விட்டுக்கொண்டிருந்தது. சனம் முழங்கால் வரை மேகத்தில் நடந்தது. நீண்ட கம்பத்தின் நுனியில் கட்டிய கமரா ஒன்று எல்லார் தலைக்கும் மேலே நீந்தித் திரிந்தது. அண்ணை வந்ததைக் கண்டேன். சவரம் செய்து, கரை வேட்டி கட்டி, வடிவாக இருந்தார். "இருங்கோ அண்ணை" என்று கதிரையைக் காட்டிவிட்டு, வருகிறவர்களை வரவேற்கப் போனேன்.

வாசலில் ஆர்த்திகா பாவாடை தாவணியோடு, மேகத்துக்குள் நின்றாள். போன் இல்லாத அவள் கைகள் எங்கே போவதென்று தெரியாமல் தவித்தன. ஐயர் கூப்பிட்டார்.

"தாய்மாமன் வாங்கோ. நேரம் போகுது."

என் கதிரைக்குப் பக்கத்தில் கதிரையே இல்லை.

குணம் அண்ணை எழும்பிவிட்டார். புது வேட்டி, புதுச் சால்வை. என் கணவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வெற்றி இருந்திருந்தால் அவரை அந்த இடத்திலேயே இரண்டில் ஒன்று பார்த்திருப்பேன். இல்லை, பயம்தான் இருந்தது. "கொஞ்சம் பொறுங்கோ" என்று ஐயருக்குச் சொல்லிவிட்டு, சீலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் போனேன்.

கடைசித் தூணுக்கு அப்பால், தேநீர்ப் பாத்திரங்கள் அடுக்கியிருந்த மூலையில், நான் முன்னால் போட்ட அதே கதிரையில் அண்ணை இருந்தார்.

"உங்களை நான் எங்கை இருக்கச் சொன்னனான்?"

"இஞ்சை நல்லாத்தான் இருக்கு பிள்ளை. கமரா இஞ்சாலை திரும்பாதாம். கமராக்காரத் தம்பியைக் கேட்டுத்தான் போட்டனான்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. உங்களுக்காக எவ்வளவு சண்டை பிடித்தேன், வந்து இப்படித் தள்ளி இருக்கிறீர்களே என்று கேட்க வாயைத் திறந்தேன். அப்போது அவர் தன் கைகளை மடிக்குள் ஒளிப்பதைக் கண்டேன்.

"கழுவிக் கழுவிப் பார்த்தன்" என்றார் அண்ணை. "பியர் மணம் போகுதில்லை. பிள்ளை புதுசு உடுத்திக்கொண்டு நிக்குது. அதின்ரை கையைப் பிடிக்க வேணுமல்லே. குணத்தைக் கூப்பிடு பிள்ளை. அவன் வடிவாச் செய்வான்."

அந்தச் சிறிய அறை என் கண்முன்னால் வந்தது. இந்தச் சுவரோடு ஒரு கதிரை, அந்தச் சுவரோடு ஒரு கதிரை. சுவரில் சாத்தியிருந்த ஒரு கதிரையை இழுத்து விரித்தேன். அது போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பியது. அவருடைய கதிரையோடு கால் முட்டப் போட்டு, பட்டுச் சீலையோடு இருந்தேன்.

"நேரம் போகுது பிள்ளை" என்றார்.

"போகட்டும்."

பிள்ளையின் அம்மா எங்கே இருக்கிறாளோ அங்கேதான் கமரா வரும். தலைக்கு மேலே நீந்திக்கொண்டிருந்த அது மெல்லத் திரும்பி, சனத்தின் தலைகளைக் கடந்து, தூணைச் சுற்றி வந்து எங்கள் இருவருக்கும் முன்னால் இறங்கி நின்றது. அண்ணை அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் அவர் மடிக்குள்ளிருந்து ஒரு கையை இழுத்து என் மூக்கடியில் வைத்தேன். சவர்க்காரம் மணத்தது, எலுமிச்சம்பழம் மணத்தது. அதற்கெல்லாம் அடியில் மெல்லிசாக அந்தப் புளித்த மணமும் இருந்தது.

"ஓம், கொஞ்சம் மணக்குது" என்றேன். "வாங்கோ."

அவர் சிரித்துவிட்டார். எத்தனையோ வருடமாக நான் காணாத சிரிப்பு. அந்த மணத்தைப் பற்றி ஒருவரும் அவரிடம் நேரே சொன்னதில்லை போல. தள்ளி மட்டும்தான் நின்றிருக்கிறார்கள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழும்பினார்.

தேங்காய் ஒரே அடியில் பிளந்தது. மாலையைப் போட்டுவிட்டு அவர் கையை நீட்டத் தயங்கியபோது, ஆர்த்திகாவே அதை எட்டிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு உயரமான குதிச் சப்பாத்து, அவருக்கு நொண்டும் முழங்கால். "மெதுவாப் போவம் மாமா, இது பிரளுது" என்று அவள் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது. இருவரும் அந்த மேகத்துக்குள்ளால் அவ்வளவு மெதுவாக நடந்தார்கள். மேடைக்கு வந்து சேருமுன்பே புகை மெஷினில் புகை தீர்ந்துவிட்டது. வெறும் தரையில் நடந்துதான் மேடை ஏறினார்கள். குணம் அண்ணை பக்கத்தில் நின்று கை தட்டினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீடியோ சில வாரங்கள் கழித்து வந்தது. எல்லாரும் வரவேற்பறையில் இருந்து பார்த்தோம், ரக்ஷனாவும் மேலே வந்திருந்தாள். தொடக்கத்தில் பாட்டு, பூக்கள், வருகிற சனம். கமரா மேலிருந்து எல்லாவற்றையும் எடுத்திருந்தது. கீழே, ஓரமாக, ஒரு வேட்டி கட்டிய ஆள் முதல் வரிசையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்னால் போகிறார். சனம் வழி விடுகிறது. எங்கே போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் என்னையும் கடந்து போகிறார். கதிரைக் கால் என் சீலையில் உரசுகிறது. நான் திரும்பாமலே சற்று விலகி, யாரோ ஒருவரோடு வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

ரக்ஷனா தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் ரிமோட்டை எடுத்து அந்த இடத்தில் நிறுத்தினார்.

"இந்தத் துண்டை வெட்டச் சொல்லவோ?" என்று மெல்லக் கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

"வேண்டாம்" என்றேன். "லண்டனும் பார்க்கட்டும், சுவிஸும் பார்க்கட்டும். திருப்பிப் போடுங்கோ, நான் இன்னொருக்காப் பார்க்க வேணும்."